வயோலாக்கள் முதலில் பாடும்

நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு எங்கள் ஊர்ப் பெரிய தேவாலயத்தில் ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ ஒலிக்கப்போகிறது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோ முன்னின்று பாட, முழு இசைக்குழுவும் கூட வரும் படைப்பு அது. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், மால்வர்ன் குன்றுகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். வாசிக்கப்போவது இந்த வட்டாரத்து இசைக்குழு. பள்ளி ஆசிரியர்கள், கணக்கர்கள், கால்நடை மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்று சந்தா கட்டி வாசிக்கிறவர்களின் கூட்டம் அது. செல்லோ வாசிக்க மட்டும் வெளியூரிலிருந்து ஒரு தொழில்முறைக் கலைஞர் வருகிறார்.

என்னோடு மருத்துவமனையில் வேலை செய்யும் தோழி ஒருத்தி கேட்டாள்: "எல்கர்தான் வேண்டுமென்றால் பர்மிங்காம் ஒரு மணி நேர ரயில் பயணம். அங்கே முழுநேர இசைக்குழு இருக்கிறது. எதற்காக இந்தக் கச்சேரிக்கு எல்லோரையும் இப்படிக் கூப்பிடுகிறாய்?" நியாயமான கேள்வி. அவளுக்கு அன்று வேலைக்கு நடுவே இரண்டு வாக்கியத்தில்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கான்செர்ட்டோ பிறந்தபோதே காயம்பட்டது. 1919 அக்டோபர் 27, லண்டன் குயின்ஸ் ஹால். முதல் உலகப் போர் முடிந்தபின் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கிய முதல் பருவத்தின் முதல் கச்சேரி அது. செல்லோ வாசித்தவர் ஃபீலிக்ஸ் சால்மண்ட். தன் படைப்பை எல்கரே நடத்தினார். நிகழ்ச்சியின் மற்ற பகுதிகளை நடத்தியவர் ஆல்பர்ட் கோட்ஸ். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபினின் கடினமான படைப்பு ஒன்றும் அவர் கையில் இருந்தது. ஒத்திகை நேரத்தில் பெரும்பங்கை அவர் தன் பகுதிகளுக்கே எடுத்துக்கொண்டார். எல்கருக்கு ஒதுக்கியிருந்த நேரத்தையும் தின்றுவிட்டார். நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளர் என்று மதிக்கப்பட்ட 62 வயது மனிதர், தன் புதிய படைப்போடு மேடையருகே காத்து நிற்க வேண்டியிருந்தது. கச்சேரியிலிருந்து விலகிவிடலாம் என்றே எல்கர் நினைத்தார். மாதக்கணக்கில் உழைத்திருந்த சால்மண்டுக்காகத்தான் நின்றார். எல்கரின் மனைவி ஆலிஸ் தன் நாட்குறிப்பில் கோட்ஸைக் கடுஞ்சொற்களால் திட்டியிருக்கிறார்.

அன்று மாலை இசைக்குழு தடுமாறியது. விமர்சகர் எர்னஸ்ட் நியூமன், இவ்வளவு பெரிய குழு இவ்வளவு மோசமாக வெளிப்பட்டதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். படைப்பின் அழகையும் அதே கட்டுரையில் உணர்ந்து சொன்னார். அவையில் இருந்தவர்களோ அதை உணரவில்லை. எல்கரின் முதல் சிம்பொனி 1908-இல் வெளிவந்தபோது ஓராண்டுக்குள் நூறு தடவைக்கு அருகில் வாசிக்கப்பட்டது. இந்தக் கான்செர்ட்டோவுக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைக்கவே இல்லை. சால்மண்ட் சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் போய்ப் புகழ்பெற்ற ஆசிரியர் ஆனார்.

இதில் என்னைத் துன்பப்படுத்துவது ஒன்றுதான். அன்றைய குழுவில் திறமைக்குக் குறைவில்லை. நாட்டின் தேர்ந்த கைகள் அங்கே இருந்தன. இல்லாமல் போனது நேரம். இந்தப் படைப்பு நேரத்தை மிகவும் கேட்கிறது. எங்கள் ஊர்க் குழுவிடம் அதுதான் தாராளமாக இருக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மேல்நிலைப்பள்ளி மண்டபத்தில் ஒத்திகை நடக்கிறது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் என் மகள். அவள் அந்தக் குழுவில் வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய, சற்றுத் தாழ்ந்த குரல் உள்ள வாத்தியம், வாசிக்கிறாள். கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்ப அழைத்துவர ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும். காரில் உட்கார்ந்திருந்த நான் குளிர் ஏற ஏற மண்டபத்தின் பின்வரிசை நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

கான்செர்ட்டோ தொடங்கும் விதத்தைச் சொல்கிறேன். செல்லோ தனியாக எழுந்து நான்கு தந்திகளையும் தழுவி வில்லை இழுத்துக் கனமான சில ஸ்வரக்கூட்டங்களை எழுப்புகிறது. யாரோ ஒருவர் எழுந்து நின்று உரக்கப் பேசத் தொடங்கி, இரண்டு வாக்கியம் முடிவதற்குள் குரல் தழுதழுத்துப் போவதைப் போல அந்தக் குரல் இறங்கிவிடுகிறது. அதன்பின் வருகிறது எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு. ஆனால் அதை முதலில் வாசிப்பது செல்லோ இல்லை. வயோலாக்கள். அவர்களுக்குக் கீழே எந்தத் துணையும் இல்லை. கீழ்க்குரல் தரும் டபுள் பாஸ் இல்லை, ஊதும் கொம்புகள் இல்லை. வயோலாக்கள் மட்டும், மெல்ல, 9/8 தாளத்தில். தகிட தகிட தகிட என்று எண்ணிப் பாருங்கள், உடனே பிடிபடும். ஆனால் அந்த மெட்டில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாதபடி எல்கர் எழுதியிருக்கிறார். எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது, எங்கும் காலூன்றுவதில்லை.

ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா என்பது நடுவில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் வாத்தியம். வயலினுக்கு மெட்டு, செல்லோவுக்கு அடித்தளம், நடுவில் நிரப்புவது இவர்கள். எங்கள் குழுவில் அவர்கள் ஆறு பேர். முதல் ஒத்திகை முடிந்து காரில் ஏறியதும் என் மகள் சொன்னாள்: "அம்மா, அந்த இடத்தில் எங்களுக்கு ஒளிந்துகொள்ள யாருமே இல்லை." அவள் குரலில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

அந்தச் சில வரிகளுக்காக அந்த ஆறு பேரும் செய்திருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் வாரங்களில் ஆறு வேறு குரல்கள் கேட்டன. ஒருவர் வில்லை முனைவரை இழுத்தார், இன்னொருவர் பாதியில் திருப்பினார். வயோலாக்களின் தலைவி, ஊர் நூலகத்தில் வேலை செய்கிறவர், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தாளிலும் வில் மேலே போவதையும் கீழே வருவதையும் தாமே குறித்துக் கொடுத்தார். பின்பு எல்லோரையும் கண்ணை மூடி வாசிக்கச் சொன்னார். பிறகு மெட்டைப் பாடச் சொன்னார். கூச்சப்பட்டுக்கொண்டே பாடினார்கள். பாடியபோது மூச்சு எங்கே வாங்குகிறோம் என்பது தெரிந்தது. அடுத்த முறை வில் அங்கேயே மூச்சு வாங்கியது. அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு பேரும் ஒரே குரலாக வந்தார்கள். நடத்துநர் கோலைத் தாழ்த்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனார். அவரிடமிருந்து வரும் பெரிய பாராட்டு அதுதான் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

தனி வாசிப்பாளர் இல்லாமல் ஒத்திகை எப்படி நடக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஊர்க்குழுக்களில் விருந்துக் கலைஞர் கச்சேரி நாளன்று மதியம்தான் வருவார். சில இடங்களில் முந்தின வாரம் ஒரு முறை வருவார். அதுவரை அவர் பகுதியை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் செல்லோக்களின் தலைவர், புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் செல்லோ கொசுக்கூட்டம் போலப் படபடவென்று ஓடும். அதில் பாதியைத்தான் தன்னால் வாசிக்க முடியும் என்று முதலிலேயே சொன்னார். வேகம் குறைந்தாலும் எங்கே இழுக்கப்படும், எங்கே திடீரென்று பாயும் என்று ஒவ்வொரு வாரமும் வேறு வேறு விதமாக வாசித்துக் காட்டினார். விருந்தாளி எப்படி வாசித்தாலும் குழு பின்தொடரப் பழக வேண்டும் என்பதற்காக. கச்சேரி இரவில் அவர் தன் வழக்கமான நாற்காலியில் மற்ற செல்லோக்களோடு உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் நிகழ்ச்சி அட்டையில் தனியாக வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மயக்கம் தெளியும் வரை பார்த்துக்கொள்ளும் அறையில் நான் செவிலியர். கண் திறந்ததும் மனிதர்கள் முதலில் கேட்பதை ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறேன். தண்ணீர் கேட்பார்கள். மணி என்ன என்பார்கள். முடிந்துவிட்டதா என்பார்கள். சிலர் இறந்துபோன தாயைக் கூப்பிடுவார்கள். 1918 மார்ச்சில் எல்கருக்கு லண்டனில் தொண்டைச் சதையை அகற்றினார்கள். அப்போது அவருக்கு 60 வயது. அந்த வயதில், அந்தக் காலத்தில், அது சிறிய சிகிச்சை இல்லை. வலியும் கடுமையாக இருந்தது. மருத்துவமனையில் கண்விழித்த அவர் பென்சிலும் காகிதமும் கேட்டு ஒரு மெட்டை எழுதினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. அந்த 9/8 மெட்டுதான் அது. வயோலாக்களின் மெட்டு.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த மெட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. தரை தொடாமல் அது மிதப்பதற்கு இசை தெரிந்தவர்கள் வேறு விளக்கம் சொல்வார்கள். மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடக்கும் முகங்களை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கு அது போதுமான விளக்கம்.

அந்த மெட்டை உடனே அவர் பயன்படுத்தவில்லை. சசெக்ஸில் பிரிங்க்வெல்ஸ் என்ற காட்டோரக் குடிசையில் போய்த் தங்கினார். ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலிருந்து பிரான்சின் பீரங்கி முழக்கம் அங்கே கேட்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கேதான் வயலின் சொனாட்டாவும் நால்வர் இசையும் பியானோ ஐவர் இசையும் உருவாயின. 1919 கோடையில் கான்செர்ட்டோ. 1920 ஏப்ரலில் ஆலிஸ் இறந்துபோனார். அதன்பின் அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தக் கான்செர்ட்டோவுக்கு ஈடான பெரிய படைப்பு ஒன்றையும் முடிக்கவில்லை.

லண்டனில் காயம்பட்ட படைப்பு ஊர்களில்தான் மெல்லத் தேறியது. முதல் கச்சேரியில் லண்டன் குழுவின் செல்லோ வரிசையில் 19 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜான் பார்பிரோலி. 1921 ஜனவரியில் அவர் பர்ன்மத் என்ற கடற்கரை ஊருக்குப் போய், டான் காட்ஃப்ரி நடத்திய நகராட்சி இசைக்குழுவோடு அதே கான்செர்ட்டோவைத் தனி வாசிப்பாளராக வாசித்தார். காட்ஃப்ரி 1893-இல் தொடங்கிய அந்தக் குழு, விடுமுறைக்கு வருகிறவர்களை மகிழ்விப்பதற்காக ஒரு கடலோர ஊர் வைத்துக்கொண்ட குழு. இன்று பர்ன்மத் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் தென்மேற்கு இங்கிலாந்து முழுவதும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது. பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற கலைஞர் எல்கர் நடத்த இதை இசைத்தட்டில் பதிவுசெய்தார், 1928-இல் முழுமையாக. அவரைப் போன்றவர்கள் விடாமல் வாசித்ததால்தான் படைப்பு பிழைத்தது.

பிறகு 1965 ஆகஸ்ட். பார்பிரோலி இப்போது மான்செஸ்டரின் ஹாலே குழுவை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் மூத்த நடத்துநர். லண்டன் கிங்ஸ்வே ஹாலில், முதல் கச்சேரியில் தடுமாறிய அதே லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை அவர் நடத்த, 20 வயது ஜாக்குலின் து ப்ரே வாசித்த பதிவு உலகெங்கும் போனது. இன்று இந்தக் கான்செர்ட்டோ என்றாலே பலருக்கு அந்தப் பதிவுதான். து ப்ரேவின் விரல்கள் சில ஆண்டுகளிலேயே உணர்விழக்கத் தொடங்கின. 1973-இல் நரம்பு நோய் என்று தெரிந்தது. 1987-இல் 42 வயதில் இறந்தார். அந்தத் துயரத்தையும் சேர்த்தே மக்கள் அந்த இசையைக் கேட்கிறார்கள்.

நானும் அந்தப் பதிவின் வழியாகத்தான் இதற்குள் வந்தேன். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது காரில் கேட்டேன். ஊர் எல்லையில் காரை ஓரமாக நிறுத்தி முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனேன். அதன்மேல் எனக்கு உள்ள அன்பு குறையாது. ஆனால் ஒலிப்பதிவில் செல்லோ காதருகே வந்து நிற்கிறது. நேரில் அப்படி இல்லை. செல்லோ தாழ்ந்த குரல் உள்ள வாத்தியம்; அதன் மிகத் தாழ்ந்த தந்தி நம் பாடகர்களின் மந்திர ஸ்தாயிக்கும் கீழே போகும். நான்கு கொம்புகளும் மூன்று டிராம்போன்களும் டியூபாவும் என்று உரத்து ஊதும் பித்தளை வாத்தியங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் எளிதில் மூழ்கிவிடும். எல்கர் அதை அறிந்தே எழுதினார். முழுக் குழுவும் சேர்ந்து முழங்குவது சில இடங்களில்தான். பெரும்பாலான நேரம் செல்லோ பாட, மற்றவர்கள் ஒரு கோடு, ஒரு புள்ளி என்று ஒதுங்கியிருக்கிறார்கள். நேரில் பார்க்கும்போது அந்த ஒதுங்குதல் கண்ணுக்குத் தெரியும். டிராம்போன்காரர்கள் வாத்தியத்தை முழங்காலில் சாய்த்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் காத்திருப்பார்கள். அவர்கள் எண்ணுவதும் இசையின் பகுதிதான் என்பது எனக்கு ஒத்திகையில்தான் புரிந்தது.

எங்கள் தேவாலயத்தில் தரை கல். கல் தரையில் செல்லோவின் அடியில் இருக்கும் முள்கம்பி வழுக்கும், ஒலியும் அடங்கிப்போகும். டபுள் பாஸ் வாசிக்கும் தச்சர் ஒருவர் ஒரு மரமேடை செய்து கொடுத்திருக்கிறார். உள்ளே கூடாக இருக்கும் அந்தப் பெட்டியில் முள்கம்பியை ஊன்றி வாசித்தால் மேடையும் சேர்ந்து அதிரும். சோதித்துப் பார்த்தார்கள், கடைசி வரிசையிலிருந்த எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

எல்கருக்கு இதெல்லாம் அந்நியமாக இருந்திருக்காது. அவர் இந்த வட்டாரத்து மனிதர். பிறந்தது 1857-இல், வூஸ்டருக்கு வெளியே லோயர் பிராட்ஹீத் கிராமத்தில். அப்பா வூஸ்டர் ஹை ஸ்ட்ரீட்டில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். இசைக் கல்லூரி எதிலும் எல்கர் படிக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்த காற்றிசைக் குழுவில் பஸூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவியை வாசித்தார். 1879 முதல் ஐந்து ஆண்டுகள் பவிக்கில் இருந்த மனநல விடுதியில், அங்கே வேலை செய்தவர்கள் வாசித்த சிறிய குழுவை நடத்தி, நோயாளிகள் ஆடுவதற்கு நடன இசை எழுதிக் கொடுத்தார். கையில் இருந்தவை எந்த வாத்தியங்களோ அவற்றுக்கே எழுதினார். ஒவ்வொரு வாத்தியமும் எவ்வளவு தாங்கும் என்று அங்கேதான் கற்றிருப்பார் என்று நம்புகிறேன். மருத்துவமனை ஊழியர்கள் வாசித்த குழுவிலிருந்து வந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வருகிறவர்கள் மூன்றாம் பகுதியைத் தவறவிடக் கூடாது. அறுபது அளவுகள், அதாவது நம் தாள ஆவர்த்தனம் போன்ற அறுபது சுற்றுகள், மட்டும் உள்ள அடாஜியோ, மெதுவாகப் போகும் பகுதி. ஒரே ஓர் அளவு தவிர முழுவதும் செல்லோ பாடிக்கொண்டே இருக்கிறது. டிரம்பட், டிராம்போன் எதுவும் கிடையாது. நாகர்கோவில் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த எனக்கு, இழுத்துப் பாடும் கீர்த்தனைகளின் பழக்கத்தால், இந்தப் பகுதிக்குள் நுழைய யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. கடைசிப் பகுதி தெம்பாகத் தொடங்கி ஓடும். முடியப்போகிறது என்று நினைக்கும்போது அடாஜியோவின் நினைவு குறுக்கே வந்துவிடும், பிறகு தொடக்கத்தின் அந்தக் கனமான ஸ்வரக்கூட்டங்கள். அதன்பின் குழு சட்டென்று எழுந்து சில நொடிகளில் கதவைச் சாத்திவிடும். அந்த முடிவு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அவசரம் என்று நினைத்தேன். ஒத்திகைகளில் கேட்கக் கேட்க, அழுகையைக் காட்டிக்கொள்ள விரும்பாத மனிதர் ஒருவர் எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொள்வது அது என்று தோன்றுகிறது.

இடைவேளைக்குப் பின் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஆறாவது சிம்பொனி. நடத்துநர் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1884-இல் வூஸ்டர் தேவாலயத்தின் இசைவிழாவுக்கு துவோர்ஷாக் நேரில் வந்து தன் படைப்புகளை நடத்தினார். அவற்றில் இந்தச் சிம்பொனியும் ஒன்று. அன்று வயலின் வரிசையில் வாசித்தவர்களுள் 27 வயது எல்கரும் இருந்தார். கேட்டுச் சொக்கிப்போய் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் பகுதியில் வரும் செக் நாட்டு நடனம் குழுவுக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. இரண்டு செவ்வாய்க்கிழமைகள் மீதம் இருக்கின்றன.

என் தோழி கைதட்டுவது எப்போது என்று தெரியாமல் தயங்குகிறாள். கான்செர்ட்டோவின் முதல் இரண்டு பகுதிகள் நிற்காமல் சேர்ந்தே வரும். அங்கே கேள்வியே எழாது. மற்ற இடங்களில் நடத்துநரின் கைகளைப் பாருங்கள். அவை இறங்கி அவர் நம் பக்கம் திரும்பியதும் தட்டலாம். டிக்கெட் ஊர் நூலகத்திலும் அன்று மாலை வாசலிலும் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். உட்காருவதற்கு நடுவரிசையில் சற்று வலப்பக்கம் பாருங்கள். அங்கிருந்து செல்லோ வாசிப்பவரின் இடது கையும் தெரியும், வயோலாக்களின் முகமும் தெரியும். கோட்டைக் கழற்ற வேண்டாம், தேவாலயம் குளிரும்.